ஒரு டிக்கில் அழிந்த ஏழு வேலைகள்

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியின் தையல் பிரிவுச் சுவரில் பெரிய சார்ட் ஒன்று இருந்தது. இடப்பக்கம் தொழிலாளர் பெயர்கள். மேலே தோலின் ஓரம் சீவுவது, மடிப்பது, லைனிங் ஒட்டுவது என்று எட்டு வேலைகள். யாராவது புதிதாக ஒன்று கற்றால் அந்தக் கட்டத்தில் சூப்பர்வைசர் பச்சைப் புள்ளி ஒட்டுவார். அதைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும்படி, புரோகிராம் எழுதும் என்னிடம் சொன்னார்கள்.

ஒருவருக்குப் பல வேலை, ஒரு வேலைக்குப் பல பேர். யாருக்கு எது என்ற ஜோடிகளை மட்டும் தனி அட்டவணையில் வைத்தால் போதும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூன்றே நாளில் முடித்து, சார்ட்டையும் கழற்றச் சொல்லிவிட்டேன். திமிர்தான்.

அடுத்த மாதம், மாதிரி ஷூக்கள் தைக்கும் சாம்பிள் ரூமுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. எல்லா வேலையும் தெரிந்தவரைத்தான் அங்கே எடுப்பார்கள். பட்டியல் என் கம்ப்யூட்டரிலிருந்து மேனேஜருக்குப் போனது. மறுநாள் காலை, குடியாத்தத்திலிருந்து வரும் தையல்கார அக்கா ஒருவர் தன் சூப்பர்வைசரையும் இழுத்துக்கொண்டு வந்து நின்றார்.

“பன்னெண்டு வருசமா இருக்கேன் மேடம். எனக்கு ஒரே வேலதான் தெரியும்னு வருதாம். இன்னா இது? மிஷின்ல உக்காந்தா எல்லாம் வரும். லிஸ்ட்ல வரலன்னா யாரு உக்கார வைப்பா? சாயந்திரம் மேனேஜர் முடிவு பண்ணிடுவாரு.”

விசாரித்ததில், போன வாரம் அவர் கற்ற புது வேலைக்கு மட்டும் சூப்பர்வைசர் டிக் போட்டுச் சேமித்திருந்தார். “பழசுக்கும் டிக் போடணும் சார்” என்று எரிந்து விழுந்தேன்.

“புதுப் புள்ளி ஒட்டும்போது பழைய புள்ளிய எவன் மேடம் திரும்ப ஒட்டுவான்?”

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பழைய டிக்குகளைக் காட்டாமல் பக்கத்தைக் காலியாகத் திறக்கவிட்டது நான். நான் புரோகிராம் எழுதப் பயன்படுத்தும் ஃப்ரேம்வொர்க்கில், இருப்பதோடு புதியதைச் சேர்க்க ஒரு கட்டளை உண்டு. வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்க இன்னொன்று. நான் எழுதியிருந்தது இரண்டாவதை. வெட்கமாக இருந்தது.

கட்டளையை மாற்றினேன். பழைய வேலைகள் டிக்கோடு தெரியும்படி செய்தேன். இரண்டு வாரத்துக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து அழிந்த ஜோடிகளைத் திரும்ப ஏற்றினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்காவை அழைத்துத் திரையைக் காட்டினேன். அவர் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்.

“ஒன்னு கம்மி மேடம்.”

உண்மைதான். தவறான கட்டளை சேமித்த புது வேலையை, சோதனைக்காக நானே நீக்கி வைத்திருந்தேன். இப்போது அதற்கு மட்டும் டிக் போட்டு, அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே சேமித்தேன்.

எட்டும் இருந்தன.

“இனி போகாது அக்கா. மேனேஜருக்கு இப்பவே மெயில் அனுப்பிடறேன்.”

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“வேணாம் மேடம். பேப்பர்ல எடுத்துக் குடுங்க. நானே எடுத்துக்கினு போறேன்.”