நான்காவது ஏலம்

எனக்கு யாரையும் சட்டென்று நம்பும் குணம் கிடையாது. துறைமுக வேலையில் கால் முறிந்து வீட்டில் கிடந்தபோது, ஃபேரர் பார்க் பக்கத்துச் சர்ச்சிலிருந்து எஸ்தர் அக்கா சனிக்கிழமைதோறும் எங்களுக்கு அரிசி கொண்டுவந்து கொடுத்தார். எங்களைப் போலக் கோயிலுக்குப் போகிறவர்களுக்கு இவர்கள் ஏன் கொடுக்கிறார்கள்? காசு எங்கிருந்து வருகிறது?

கால் கொஞ்சம் தேறியதும், பார்த்துவிடலாம் என்று காணிக்கையாக வந்த காய்கறிகளை அவர்கள் விற்கும் அறுப்புப் பண்டிகை ஏலத்துக்குப் போனேன். ஒரு பெரிய பூசணிக்காயை ஒருவர் ஐந்து வெள்ளிக்கு, அதாவது ஐந்து டாலருக்கு, எடுத்தார். கொஞ்ச நேரத்தில் அதே காய் மறுபடியும் மேசைமேல்! இப்படியே மூன்று முறை விற்றார்கள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நான்காவது முறை, "ஒரு வெள்ளி!" என்று கத்தினேன். யாரும் அதற்குமேல் கேட்கவில்லை. இனி எப்படி விற்பீர்கள் பார்ப்போம் என்று காயைத் தோளில் தூக்கிக்கொண்டு நொண்டியபடியே வெளியேறினேன்.

அடுத்த சனிக்கிழமையும் அரிசி வந்தது.

"ஏன் அக்கா, ஒரே காயை எத்தனை பேருக்குத்தான் விப்பீங்க?" என்றேன்.

"காசு கட்டி எடுத்தவங்களே காயைத் திருப்பிக் குடுத்துடுவாங்க தம்பி. மறுபடி ஏலம் போனாத்தான் இந்த அரிசி வாங்க முடியும்லா," என்றவர், "காய் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார். அதில் குத்தல் எதுவும் இல்லை.

அடுப்பில் அதன் கடைசித் துண்டு வேகிற வாசம் வாசல்வரை வந்தது. அரிசியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

திருடனைப் பிடிக்கப் போய், அந்தக் காயை வீட்டுக்குக் கொண்டுவந்த ஒரே ஆள் நான்தான்.