நான்காம் பின்

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் வேலைக்கு இறங்குகிறவர்கள், ஸ்டார்ட்டருக்கு மேலே இருக்கும் மூன்று பியூஸ் கட்டைகளையும் உருவி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவார்கள். வடகரப்பதிப் பக்கம் இதுதான் வழக்கம். கட்டை மடியில் இருக்கும்வரை, மேலே யார் பட்டனை அமுக்கினாலும் மோட்டார் ஓடாது. அந்த வழக்கத்தின் மேல்தான் அன்று எனக்குக் கோபம் வந்தது.

முந்தைய நாள்தான் மோட்டார் ரூமில் என் கைவரிசையைக் காட்டியிருந்தேன். விளக்கு லைனில் செருகிய உள்ளங்கையளவு லினக்ஸ் கம்ப்யூட்டர் போர்டு, அதன் கம்பிக்கால்களில் நான்காம் பின்னில் ஒரு ரிலே, போர்டு சொன்னால் சுவிட்சைப் போடும் அந்த ரிலே ஸ்டார்ட்டரின் பச்சை பட்டனோடு. வீட்டிலிருந்தே போனில் மோட்டாரை ஓட்டலாம். இதற்காக இரண்டு மாதம் சமையலறை மேசையில் இன்னொரு போர்டோடு மல்லுக்கட்டியிருந்தேன். பின்னுக்கு ஒன்று என்று எழுதினால் குட்டி எல்.இ.டி. எரியும், பூஜ்யம் எழுதினால் அணையும். முதன்முதலாக எரிந்த அன்று, இரண்டு பிள்ளை பெற்றவள், குதித்தேன். போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும், என் புரோகிராம் ஓடத் தொடங்கும்வரை அந்த எல்.இ.டி. மங்கலாக மினுங்கும். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று காலை பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. பம்பில் தண்ணீர் ஒழுகுகிறது, போய்த் தண்டைச் சுற்றியிருக்கும் அடைப்புக் கயிறு மாற்றிவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்காரர் கிளம்பினார்.

"கட்டையக் கழட்டோணும்னு இல்லீங்க. பூஜ்யம்னு எளுதி வெச்சிருக்கறன். நாஞ் சொன்னாத்தான் ஓடும்."

"பழக்கம் புள்ள..."

"எம்மேல நம்பிக்கை இல்லீன்னு சொல்லீட்டுப் போங்க."

அவர் சிரித்தார். "சரி சரி, கழட்டுல. போதுமா?"

ஜெயித்த மிதப்பில் மேசைக்கு வந்தேன். கையில் இன்னொரு ரிலே மிச்சம் இருந்தது. எல்.இ.டி.யைக் கழற்றிவிட்டு அதை நான்காம் பின்னில் மாட்டி, போர்டை லேப்டாப்பில் செருகினேன்.

டக்.

நான் இன்னும் எதுவுமே எழுதவில்லை. ஆனால் ரிலே சுவிட்சைப் போட்டுவிட்டது. ஒன்றிரண்டு நிமிடம் கழித்து, புரோகிராம் எழுந்து பூஜ்யம் சொன்ன பிறகுதான் விட்டது. போர்டு எழும்போதே சில பின்கள் ஒன்றின் பக்கம் சாய்ந்திருக்கும் என்று எங்கோ படித்துத் தள்ளிவிட்டதும், அந்த மினுக்கலும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. கரண்ட் வந்த நொடியே மோட்டார் ரூமில் பச்சை பட்டன் தானாக அமுங்கும். அவர் கை பம்பின் தண்டில் இருக்கும்.

போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கிணற்றில் இறங்கும்போது போனைக் கரையில் வைத்துவிடுவார். செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தென்னைக்கு நடுவே பாதி தூரம் போயிருப்பேன். பக்கத்துத் தோட்டத்து வீட்டில் டிவி பேசத் தொடங்கியது.

கரண்ட் வந்துவிட்டது.

அங்கேயே நின்றுவிட்டேன். மோட்டார் உறுமும், அதற்குள்ளிருந்து ஒரு அலறல் வரும் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. மோட்டார் ரூமில், பட்டன் அமுங்கியிருப்பதைக் காட்டும் ரிலேயின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஸ்டார்ட்டருக்கு மேலே மூன்று குழிகளும் காலியாக இருந்தன.

அவர் ஏறி வந்தபோது நான் கிணற்றுமேட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அவர் கை சட்டென்று மடியை மறைத்தது.

"கோவிச்சுக்காத புள்ள. உன்னய நம்பாம இல்ல. கை பழக்கத்துல கழட்டிருச்சு. இனிமேக்கொண்டு கழட்டுல."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டாம எறங்குனீங்கன்னா, அப்பறம் நா இந்த ஊட்டுல இருக்கமாட்டனுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியை அவிழ்த்து, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மடியில் போட்டார்.