தொட்டி தெரிகிறதா?

என் அக்காவுக்கு விமான தளத்தில் வைத்த பட்டப்பெயர் முட்டுக்கட்டை. வைத்தவர்கள் விமானிகள். நான் அங்கே மெக்கானிக். அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தவர்களில் நானும் உண்டு. மறைப்பானேன்?

வானிலை பார்த்து எழுதுவது அவள் வேலை. எங்களுடையது சின்னத் தளம். இரண்டு பேர், நான்கு பேர் உட்காரும் விமானங்கள்தான் வரும் போகும். பெரிய கருவி எதுவும் கிடையாது. மாடி அறை ஜன்னலில் நின்று, எதுவரை கண்ணுக்குத் தெரிகிறது என்று பார்த்து எழுத வேண்டும். சிவப்புக் கூரைக் கிடங்கு தெரிந்தால் எண்ணூறு மீட்டர். அதற்கு அப்பால் தண்ணீர்த் தொட்டி தெரிந்தால் ஆயிரத்து ஐநூறு. தொட்டி தெரியாவிட்டால் எந்த விமானமும் கிளம்பக் கூடாது.

பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு மூடுபனிக் காலையில், தொட்டி தெரிகிறது என்று எழுதினாள். கிளம்பிய விமானம் ஐந்தாவது நிமிடம் தளத்துக்குப் பின்னால் இருக்கும் குன்றில் மோதியது. ஓட்டியவர் தினமும் எங்களோடு டீ குடித்தவர். பனிக்குள் நுழைந்ததுமே திரும்பியிருக்க வேண்டும், விமானியின் தவறு என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"தொட்டி அங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்டா. பழக்கத்துல இருக்குன்னு நினைச்சுட்டேன். கண்ணு பார்க்கல," என்றாள். ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் எழுந்து ஒரு காரியம் செய்தாள்.

தொட்டிக் காவலரிடம் பெரிய மஞ்சள் தார்ப்பாய் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். தினமும் காலையில் தொட்டியின் இடப்பக்கமோ வலப்பக்கமோ, அவர் இஷ்டத்துக்குத் தொங்கவிட வேண்டும்; யாரிடமும் மூச்சுவிடக் கூடாது. இவள் ஜன்னலில் பார்த்துவிட்டுப் போனில் பக்கத்தைச் சொல்வாள். சரியாக இருந்தால்தான் தொட்டி தெரிகிறது என்று எழுதுவாள். மேலதிகாரி இதைக் கிறுக்குத்தனம் என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று ஒருநாள் விடாமல் செய்தாள்.

போன வருடம் அவள் மகனுக்கு விமானி உரிமத்துக்கான கடைசிச் சோதனை வந்தது. ஏழு மாதம் தவம் கிடந்து வாங்கிய தேதி. உரிமம் கையில் இருந்தால் அடுத்த வாரமே வேலை. இல்லாவிட்டால் அந்த வேலை இன்னொருவனுக்கு. சோதனை நடத்த வந்த தேர்வாளரோ பத்து மணிக்கு வேறு ஊருக்குக் கிளம்பியாக வேண்டும். அன்று பார்த்து அப்படி ஒரு பனி.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் விலகியது. திபுதிபுவென்று மாடிக்கு ஏறினோம்.

"மேடம், தொட்டி பளிச்சுன்னு தெரியுது. எழுதுங்க," என்றார் பறக்கும் கிளப்பின் செயலாளர்.

"ஆமாம்மா, தெரியுது," என்றான் மகன்.

"எந்தப் பக்கம்? ஆளுக்கு ஒரு தடவை சொல்லுங்க," என்றாள் அக்கா.

செயலாளர் இடம் என்றார். என் மருமகன் வலம் என்றான். நானும் வலம் என்றேன். அவனுக்காகச் சொல்லவில்லை, சத்தியமாக எனக்கு மஞ்சள் தெரிந்தது.

அக்கா போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். "அண்ணே, இன்னைக்கு எந்தப் பக்கம்?"

"இன்னைக்குக் கட்டவே இல்லம்மா," என்றார் காவலர். "தார்ப்பாய் கிழிஞ்சுபோச்சு. தைக்கக் குடுத்திருக்கேன். சொல்லணும்னு நினைச்சேன், நீங்களே கூப்பிட்டுட்டீங்க."

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. முதலில் சுதாரித்தவர் செயலாளர்தான். "துணி இல்லைன்னா என்ன மேடம், தொட்டி தெரியுதுல்ல? பையனோட வாழ்க்கை. பெத்தவளே இப்படிப் பண்ணலாமா?"

எனக்கும் அவள்மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எழுதிக் குடுத்துடுக்கா. அரை மணி நேரம் பறந்துட்டு இறங்கிடுவான்," என்றேன். குன்றில் மோதிய விமானத்தைத் துண்டு துண்டாக அள்ளி வந்தவன் நான். அந்த வாயால்தான் சொன்னேன்.

மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்களையெல்லாம் கேட்டியே, உனக்கு எந்தப் பக்கம் தெரிஞ்சுது? அதைச் சொல்லு முதல்ல."

"வலப்பக்கம்," என்றாள் அக்கா. "நல்லாவே தெரிஞ்சுதுடா. நீ போகணும்னு எனக்கும் அவ்வளவு ஆசை."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பேனாவைத் திறந்து, எண்ணூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.