பிளாரன்ஸ் சொன்ன இரண்டாவது வாக்கியம்

வில்லெமைன் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு, பத்து விநாடி பின்னால் போய், அதே இடத்தைக் கேட்டாள். மூன்றாவது முறையும் கேட்டாள். காது தப்பு செய்யவில்லை.

திரையில் பிளாரன்ஸ். முப்பது வயதிருக்கும். தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையில் நின்று, இறந்துபோன புருஷனைப் பற்றி, "அவியளக் கடலு எடுத்துட்டு" என்கிறாள். பிறகு தலையைத் திருப்பிக் கடலைப் பார்க்கிறாள். உதடுகள் மூடிக்கொள்கின்றன. நான்கு விநாடி மௌனம். பல தேசத்துத் திரையரங்குகளில் ஆட்களை அசையாமல் உட்கார வைத்த மௌனம் அது. அது முடிகிற இடத்தில்தான் பதினைந்து வருடங்களுக்கு முன்பு வில்லெமைன் காட்சியை வெட்டியிருந்தாள்.

இப்போது அவள் முன்னால் ஓடுவது வெட்டாத மூலப் பதிவு. நான்கு விநாடி கழிந்ததும் பிளாரன்ஸ் கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "அப்படிச் சொல்லச் சொன்னது சம்மாட்டி."

சம்மாட்டி என்றால் படகு முதலாளி. அது வில்லெமைனுக்கு இப்போது தெரியும். அன்றைக்குத் தெரியாது.

நெதர்லாந்தில் ஒரு துறைமுக ஊரில் பிறந்தவள் அவள். இருபத்திரண்டு வயதில் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில் உதவி எடிட்டராகச் சேர்ந்தாள். சொந்த ஊரில் வேலை குறைந்தபோது லிஸ்பனுக்குப் போனாள், அங்கிருந்து நைரோபி, பிறகு ஜகார்த்தா. எங்கே போனாலும் அந்த ஊர்ப் பேச்சு தெரியாது. அதையே அவள் தன் பலமாக ஆக்கிக்கொண்டாள். பேச்சு புரியாவிட்டால் கண் கூர்மையாகும், முகமும் மூச்சும் போதும் என்பாள். திரைப்படக் கல்லூரிகளில் வகுப்பெடுக்கும்போது உதாரணத்துக்குக் காட்டியது இந்தப் பிளாரன்ஸ் காட்சியைத்தான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்களைப் பற்றிய அந்த ஆவணப்படத்தை 2009இல் தூத்துக்குடியில் ஒரு லாட்ஜ் அறையில் மூன்று மாதம் உட்கார்ந்துதான் வெட்டினாள். திரேஸ்புரம் அங்கிருந்து நடக்கிற தூரம். ஒருநாள்கூடப் போகவில்லை. ஆட்களை நேரில் பார்த்துவிட்டால் கண் கெட்டுவிடும் என்பது அவள் கொள்கை. படம் விருது வாங்கியது. அதன் பிறகு அவளுக்கு வேலைக்குக் குறைவில்லை.

ஆறு வருடம் கழித்து இந்த ஊருக்கே திரும்பி வந்துவிட்டாள். வெயிலும் கடலும் பிடித்திருந்தன. எந்தத் தேசத்துப் படமானாலும் இணையம் வழியே இங்கேயே வந்துவிடும். துறைமுகச் சாலையில் கயிறும் பெயின்டும் விற்கும் வன்னியபெருமாள் அண்ணாச்சி தன் கடை மாடியை வாடகைக்குக் கொடுத்தார். அவர் மனைவி முத்துக்கனிக்கு அவள் பெயர்தான் சிக்கலாக இருந்தது.

"வில்லியா? படத்துல வார வில்லி மாதிரில்லா இருக்கு. நான் மைனான்னு கூப்பிடுதேன்" என்றாள். முத்துக்கனிக்கு ஆங்கிலம் வராது. மைனாவாக ஆனவளுக்குத் தமிழ் வந்தது.

படம் எடுத்துப் பதினைந்து வருடம் ஆனதால் புதுப் பிரதி போட வேண்டும் என்று ஆம்ஸ்டர்டாம் தயாரிப்பாளர் பழைய நாடாக்களையெல்லாம் கணினிக்கு மாற்றி அனுப்பியிருந்தார். அவற்றைத்தான் அன்று காலை பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

பிளாரன்ஸ் பேசிக்கொண்டே போனாள். கடலுக்குள் மூச்சுக்காற்று அனுப்புகிற கம்ப்ரசர் கெட்டுப்போயிருந்தது. குழாயில் டீசல் புகை வருகிறது, தலை சுற்றுகிறது என்று அவள் புருஷன் மூன்று நாளாகச் சொல்லியும் சம்மாட்டி இறங்கச் சொன்னார். நாலாவது நாள் பிணமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். படகிலிருந்து கால் தவறிக் கடலில் விழுந்ததாகச் சொல்லச் சொன்னார்கள். நான்கு நிமிடம். தெளிவான குரல்.

மொழிபெயர்ப்பாளர் சோம்பேறித்தனம் செய்திருப்பார் என்று நினைத்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். நாடாக்களோடு பழைய தாள்களையும் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். தேடித் திறந்தாள். அந்த நான்கு நிமிடத்தையும் யாரோ வரி விடாமல் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். முதல் வாக்கியத்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. மீதி முழுவதற்கும் குறுக்கே இன்னொரு கோடு. ஓரத்தில் டச்சு மொழியில் ஒரே ஒரு சொல்: தேவையில்லை.

அது அவள் கையெழுத்து.

சாப்பாட்டுக்குக் கூப்பிட மேலே வந்த முத்துக்கனி, நாற்காலியில் வெளிறிப்போய் இருந்தவளைப் பார்த்துப் பதறினாள். "ஏளா மைனா, என்ன செய்யி? மயக்கமா வருதா?"

வில்லெமைன் பதிவை ஓடவிட்டாள். முத்துக்கனி நின்றபடியே நான்கு நிமிடமும் கேட்டாள். முடிந்ததும் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"இத நீ அன்னைக்கே படிச்சியா?"

"படிச்சேன். படிச்சிட்டுத்தான் அடிச்சேன். இப்ப ஞாபகமே இல்ல. அதுதான் பயமா இருக்கு."

பிளாரன்ஸ் திருச்செந்தூர் பக்கம் ஆலந்தலையில் தன் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்று மூன்று நாள் விசாரித்ததில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை. முத்துக்கனியும் கூட வந்தாள். பிளாரன்ஸுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. வெளிநாட்டுக்காரி தமிழில் பேசியது அவளுக்கு அதிசயமாக இருந்தது. நாற்காலி போட்டு, பக்கத்து வீட்டுப் பையனிடம் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னாள்.

வில்லெமைன் லேப்டாப்பில் படத்தில் வந்த காட்சியைக் காட்டினாள். அதுவரை பிளாரன்ஸ் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. தன் இளவயது முகத்தைக் கண்டு முதலில் சிரித்தாள். "கடலு எடுத்துட்டு" என்றது திரை. மௌனம். அடுத்து வேறு யாரோ வலை இழுத்தார்கள்.

"மிச்சம்?" என்றாள் பிளாரன்ஸ்.

"மிச்சம் இல்ல. படத்துல இவ்வளவுதான்."

"நான் முழுசாச் சொன்னேனே!" பிளாரன்ஸ் எழுந்துவிட்டாள். "ஊர்ல ஒருத்தரும் காது குடுக்கல. சம்மாட்டிக்குப் பயம். வெள்ளக்காரவிய கொண்டு போறாவ, எங்கயாச்சும் போய்ச் சேரும்னுதான் அன்னைக்கு வாயத் தொறந்தேன். உலகம் பூராக் காட்டினாவன்னு, படமெடுத்தவியளோட சுத்துன செபாஸ்டின் சொன்னான். அப்ப எல்லாரும் கேட்டிருப்பாவ, கேட்டுட்டுச் சும்மா இருக்காவன்னுல்லா இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்!"

வில்லெமைன் லேப்டாப்பை மூடினாள். "என் தப்பு. நான்தான் வெட்டினேன்."

"எதுக்கு வெட்டுனிய?"

பொய் சொல்ல வாய்ப்பிருந்தது. நேரம் போதவில்லை என்று சொல்லியிருக்கலாம். "அந்த இடத்துல உங்க முகம் அழகா இருந்துச்சு. அதோட நிறுத்தணும்னு தோணுச்சு."

முத்துக்கனி "ஐயோ" என்றாள். பிளாரன்ஸ், புரியாத பாஷையில் யாரோ பேசியது போல வில்லெமைனின் முகத்தையே பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து பிடித்தாள். "கெளம்புங்க."

பேருந்தில் முத்துக்கனி கண்ணைத் துடைத்தபடி வந்தாள். வில்லெமைனுக்கு அழுகை வரவில்லை. தான் வெட்டிய மற்ற முகங்கள் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன. கென்யாவில் ஆடு மேய்த்த கிழவர். ஜகார்த்தாவில் ரயில் பாதையோரம் நின்ற பெண். அவர்கள் அடுத்து என்ன சொன்னார்கள்?

அன்றே தயாரிப்பாளருக்கு எழுதினாள். நான்கு நிமிடமும் சேராவிட்டால் புதுப் பிரதியில் தன் பெயர் இருக்கக் கூடாது என்றாள். விருது வாங்கிய படத்தில் கை வைக்கக் கூடாது என்று பதில் வந்தது. சம்மாட்டி வழக்குப் போடலாம் என்றார் அவர்களுடைய வக்கீல். சம்மாட்டி இறந்து ஆறு வருடமாயிற்று என்று விசாரித்து எழுதினாள். பென்சில் கோடு போட்ட தாளையும் அனுப்பினாள். விருது வாங்கிய காட்சி எப்படி உருவானது என்று தானே வெளியில் சொல்லப்போவதாக எழுதிய பிறகுதான் சம்மதித்தார்கள்.

ஆனால் பிளாரன்ஸின் சம்மதம் இல்லாமல் அவள் எதையும் தொடவில்லை. ஆளனுப்பிக் கேட்டாள். பதிலில்லை.

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்து, பிளாரன்ஸ் தானாக வந்து மாடியேறினாள். கூடவே பதினெட்டு வயது மகள்.

"இவளுக்கு அப்பா செத்தப்ப மூணு வயசு. நான் சொல்லிச் சொல்லிப் பாத்தாச்சு, அம்மா கதை விடுதான்னு நெனைக்கா. அன்னைக்கே சொன்னேன்னு இவளுக்குக் காட்டணும். போடுங்க."

நான்கு நிமிடமும் ஓடியது. மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். பிளாரன்ஸ் அவளைத் தேற்றவில்லை. வில்லெமைனிடம் திரும்பி, "இதுல ஒரு சொல்லு கொறையக் கூடாது" என்றாள். மன்னித்ததாக எதுவும் சொல்லவில்லை. காப்பியும் குடிக்கவில்லை.

புதுப் பிரதி அடுத்த வருடம் வெளியானது. அதற்கிடையில் ஜார்ஜியாவிலிருந்து வந்த நல்ல வேலை ஒன்றை வில்லெமைன் மறுத்துவிட்டாள். அந்த மொழிக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்காராமல் வெட்ட மாட்டேன் என்றாள். அவர்களுக்கு அது செலவாகப் பட்டது.

விமர்சகர் ஒருவர் புதுப் பிரதியைப் பாராட்டி எழுதிவிட்டு, அந்த விதவை பேசும் காட்சி மட்டும் தேவைக்கு மேல் நீளுகிறது, பழைய வெட்டே கச்சிதம் என்று முடித்திருந்தார். முத்துக்கனிக்கு அதைத் தமிழில் சொன்னபோது, "அவன் இன்னும் கேக்கல பாத்தியா" என்றாள். வில்லெமைன் தலையாட்டினாள்.