கடலை கேட்டவன்

வெளிநாட்டுக்கு நான் போனது ஒரே ஒரு தடவை. அங்கே வாங்கிய அவமானத்தைத் திருப்பிக் கொடுக்க மூன்று மாதம் காத்திருந்தேன். அந்த மூன்று மாதத்தில் பாடப் புத்தகம் எதையும் ஒழுங்காகத் திறக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. வீடு சேலையூரில், கல்லூரியிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். ஆனாலும் அப்பாவிடம் அடம்பிடித்து ஹாஸ்டலில் சேர்ந்திருந்தேன். என் அறைத்தோழன் யாழ்ப்பாணத்துக்காரன். நல்லவன்தான். ஆனால் தமிழ் என்று வந்துவிட்டால் தாங்க முடியாது. எங்களில் யாராவது "ஜன்னலை ஓப்பன் பண்ணு" என்றால் காதைப் பொத்திக்கொள்வான். "எங்கடை தமிழ்தான் மச்சான் சுத்தத் தமிழ். நீங்கள் கதைக்கிறது தமிழே இல்லை" என்பான். எனக்கு உள்ளுக்குள் எரியும். கல்லூரியில் பேச்சுப் போட்டி எது நடந்தாலும் முதல் பரிசு எனக்குத்தான்.

கோடை விடுமுறைக்கு அவன் ஊருக்குக் கூப்பிட்டான். தாம்பரத்தில் ரயிலேறி, ராமேஸ்வரத்தில் கப்பலேறி, வாந்தியெடுத்து, தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயில். மூன்றாம் நாள் மாலை அவன் தங்கைகளும் பெரியப்பா பிள்ளைகளுமாக ஒரு படையே எங்களுடன் காங்கேசன்துறைக் கடற்கரைக்கு வந்தது. விருந்தாளி சும்மா இருக்கலாமா? எல்லோருக்கும் கொறிக்க நான் வாங்கித் தருகிறேன் என்று முந்திக்கொண்டு போனேன்.

மணலில் ஒரு பெண் இரண்டு பனையோலைக் கூடைகளோடு உட்கார்ந்திருந்தாள். ஒன்றில் அவித்த கொண்டைக்கடலை. மற்றதில் வறுத்த வேர்க்கடலை.

"அக்கா, கடலை குடுங்க. ஏழு பொட்டலம்."

மளமளவென்று காகிதத்தைச் சுருட்டி, அவித்ததை அள்ளிப் போட ஆரம்பித்தாள்.

"இது இல்லீங்க. கடலை."

"இது கடலைதானே தம்பி."

"அது சுண்டல். நான் கேக்கறது கடலை. அதோ, அது."

"உது கச்சான்."

கச்சான்! பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. அங்கேயே வாயை மூடியிருக்க வேண்டும். பேச்சுப் போட்டிக்காரனுக்கு அது வருமா? வேரில் காய்ப்பதால் வேர்க்கடலை, நிலத்துக்குள் விளைவதால் நிலக்கடலை, பெயரிலேயே கடலை இருக்கிறது, கச்சான் என்று எந்த அகராதியிலும் கிடையாது என்று நின்றபடியே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். எந்த அகராதியையும் நான் பார்த்ததில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு முகவாயை அலைகளின் பக்கம் நீட்டினாள்.

"ஓ, தம்பி கேட்டது அந்தக் கடலையோ? அது நாங்கள் விக்கிறேல்லை. வேணுமெண்டால் அள்ளிக்கொண்டு போங்கோ."

நண்பனின் தங்கைகள் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்தே விட்டார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடலைக்காரி சிரிக்கவில்லை. உண்மையான இரக்கத்தோடு அவனிடம் சொன்னாள்:

"பாவம். தம்பிக்குத் தமிழ் விளங்காது போலை."

திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இரக்கப்பட்டாளே, அதுதான் முள்ளாகத் தைத்தது. கடைசியில் அவள் கையில் திணித்த ஏழு பொட்டலங்களையும் அப்படியே கடலில் வீசலாமா என்றிருந்தது. வீசியிருந்தால் அதற்கும் ஒரு சிரிப்பு கிளம்பியிருக்கும்.

கல்லூரி திறந்தது. முதல் நாள் மெஸ்ஸில் சாம்பார் வருவதற்குள் அவன் கதையைச் சொல்லி முடித்துவிட்டான். அவளுடைய குரலிலேயே சொன்னான். அன்றிலிருந்து என் பெயர் 'கடல் வாங்கி'. அந்த வருடம் எங்கள் ஹாலின், அதாவது ஹாஸ்டலின், கலைச் செயலாளர் பதவிக்கு நான் நிற்பதாக இருந்தேன். இரண்டு வருடமாக அதுதான் என் கனவு. தமிழ் நன்றாகப் பேசுவேன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. முதல் பிரசாரக் கூட்டத்தில் "தோழர்களே" என்று ஆரம்பித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "மச்சான், கடல் படி இன்னா வெலை?" கூட்டம் அதோடு கலைந்தது.

அன்றே முடிவு செய்தேன். அவனை அவன் ஆயுதத்தாலேயே வெட்டுவது.

யோசித்தபோது ஒன்று பிடிபட்டது. இரண்டு வருடமாக அவன் வெளியே எதையும் தானாக வாங்கியதில்லை. சோப்பு, பேனா மை, செருப்பு, எல்லாவற்றுக்கும் நான்தான் பேசுவேன். அவன் தமிழைக் கேட்டுப் பழகியவர்கள் கல்லூரி மதிலுக்கு உள்ளே மட்டும்தான் இருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு அழைத்துப் போனேன். இரும்புச் சட்டியில் மணலோடு கடலை வறுத்துக்கொண்டிருந்த அம்மாளின் முன்னால் அவனை நிறுத்தினேன்.

"நீயே வாங்கு மச்சான். என் தமிழ்தான் தமிழே இல்லையே."

அவன் சிரித்துக்கொண்டே குனிந்தான். "அக்கா, கச்சான் எப்பிடி?"

"இன்னாது?"

"கச்சான். உந்தச் சட்டிக்குள்ளை கிடக்குதே, உது."

அந்த அம்மாள் கரண்டியை நிறுத்திவிட்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். "வேர்க்கல்லயக் கேக்கறியா? இன்னாப்பா இப்படி இஸ்து இஸ்து பேசறே? நீ மலையாளமா?"

என் உடம்பு முழுக்கச் சில்லென்று ஓர் ஆனந்தம் ஓடியது.

"இல்லை அக்கா, நான் தமிழன்! யாழ்ப்பாணம்!"

"அது எங்க கீது? பாலக்காட்டாண்டயா?"

அவன் சட்டைப்பையில் சில்லறையைத் துழாவினான். அவளுக்கு மனசு இளகிவிட்டது. பொட்டலத்தில் ஒரு கை கூடுதலாகப் போட்டாள்.

"பரவால்ல கண்ணு, வெக்கப்படாத. மலையாளத்தானா இருந்தாலும் தமிளு நல்லாத்தான் கத்துகினு கீறே."

இரக்கம்! அதே இரக்கம்! அந்த அம்மாளை அங்கேயே கும்பிடலாம் போலிருந்தது.

பல்லாவரம் பிளாட்பாரத்தில் அவன் ஒரு கடலையைக்கூட வாயில் போடவில்லை. "மச்சான்," என்றான் மெதுவாக, "ஹொஸ்டலிலை ஒருத்தருக்கும் சொல்லாதை. நானும் இனி அந்தக் கடல் கதையைக் கதைக்கேல்லை."

"சத்தியமா சொல்லமாட்டேன்டா" என்றேன். மறுநாள் காலை இட்லி தீர்வதற்குள் ஹால் முழுவதற்கும் தெரிந்திருந்தது. அந்த அம்மாளின் குரலை நான் அவனைவிட நன்றாகச் செய்தேன். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். 'பாலக்காட்டாண்ட' என்று அவனுக்குப் பெயர் விழுந்தது. தேர்தல் என் கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அந்த மேஜையில் சிரிக்காதவர்களும் இருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை. எனக்காக நோட்டீஸ் எழுதி ஒட்டிய கோட்டயத்து நண்பன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். போகிற போக்கில் என் பக்கம் குனிந்தான்.

"மலையாளின்னு சொன்னா அது ஒரு திட்டா, மோனே?"

"சேச்சே, உன்னைச் சொல்லலடா..."

"அறியாம்" என்றான், தெரியும் என்று. அவ்வளவுதான். அன்று மத்தியானமே நோட்டீஸ்கள் சுவரிலிருந்து காணாமல் போயின.

எங்கள் ஹாலில் மலையாளிகள் பதினாறு பேர். நான் பதினொரு ஓட்டில் தோற்றேன்.

அவர்களை நினைத்தால் இன்றும் கூசுகிறது. ஆனால் யாழ்ப்பாணத்தானிடம் சத்தியத்தை மீறியதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. அந்தப் பிளாட்பாரத்தில் அவன் முகம் இருந்த இருப்பை எந்தச் செயலாளர் பதவிக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முடிவு தெரிந்த மாலை அவன் அறைக்கு வந்தான். ஒரு வாரமாக எங்களுக்குள் பேச்சில்லை. என் மேஜைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தான். இன்னும் சூடாக இருந்தது. தனியாகவே பல்லாவரம் போய் வந்திருக்கிறான்.

"என்ன இது?"

"வேர்க்கல்ல" என்றான், அந்த அம்மாளே சொன்னதுபோல, ஓர் எழுத்துகூடப் பிசகாமல்.

சொல்லிவிட்டு எதிர்க்கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒவ்வொன்றாகத் தோலை ஊதி, கடைசிப் பருப்புவரை நானே தின்று முடித்தேன். அவனுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.