தாய்ப்பூச்சி இல்லாத பெட்டி

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில் தில்லைநாதன் தலையில் தூக்கிக்கொண்டு ஓடியது தேன்பெட்டியை. விதைநெல் மூடையை அல்ல.

மிருசுவிலிலிருந்து கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்துக்கு அவன் வந்து ஆறு வருடமாகியிருந்தது. மூன்று போகம் மழையில்லாமல் கருகிற்று. ஒன்றைப் பன்றிகள் உழக்கின. பாலைமரப் பொந்திலிருந்து தானே பிடித்துப் பெட்டியில் குடிவைத்த தேனீக்கள் மட்டுந்தான் அவன் கைபட்டு உருப்பட்டவை. அன்று காலையில் ஆறு கரைபுரண்டு வீட்டு வளவுக்குள் ஏறியபோது பெட்டியின் பாதி தண்ணீருக்குள் நின்றது.

"இஞ்சாருங்கோ, மூடையைத் தூக்குங்கோ!" மனைவி சிவனேஸ்வரி ஆட்டுக்குட்டியை அணைத்தபடி இடுப்பளவு தண்ணீரில் நின்று கத்தினாள்.

"திரும்பி வந்து எடுக்கிறன். நீர் நடவும்."

திரும்பி வர முடியவில்லை. மேட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து பார்த்தபோது வீட்டின் கூரை மட்டுமே தெரிந்தது.

"பூச்சியும் விதைநெல்லும் உங்களுக்கு ஒண்டோ?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. கேட்டுக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பான்.

வளவுக்குத் திரும்பியதும் பெட்டியைத் திறந்தான். தேன்வதைகளில் இருந்த புழுக்கள் எல்லாம் செத்துக் கறுத்திருந்தன. தேனீக்கள் உயிரோடிருந்தன, ஆனால் முன்பில்லாத ஓர் இரைச்சல், நிலைகொள்ளாத ஓட்டம். மூன்று கிழமை கழித்து மறுபடி திறந்தான். அறைகளுக்குள் வெள்ளை வெள்ளையாய் முட்டைகள்.

"முட்டை கிடக்கு! வந்து பாரும்!"

சிவனேஸ்வரி வந்து எட்டிப் பார்த்தாள். "அப்ப தப்பியிடும், என்ன?"

"ஓம். கொஞ்ச நாளில ரண்டு பெட்டியாப் பிரிக்கலாம்."

அன்று மத்தியானம் அவள் அவனுக்குப் பக்கத்தில் இருந்து சோறு போட்டாள். வெள்ளத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

அடுத்த கிழமை விவசாயப் போதனாசிரியர் செல்வநாயகம் சைக்கிளில் வந்தார். ஒரு வதையை வெயிலுக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணை, ராணியைக் கண்டனீங்களோ?"

"காணேல்லை. ஆனா முட்டை கிடக்குத்தானே."

"ஒரு அறைக்குள்ள நாலஞ்சு கிடக்கு, பாருங்கோ. சிலது சுவரில ஒட்டிக் கிடக்கு. ராணி அப்பிடி இடாது. இது வேலைக்காரப் பூச்சியள் இட்டது."

"அதுகளும் இடுமோ?"

"ராணி இருக்குமட்டும் இடாதுகள். அதின்ரை உடம்பில ஒரு சத்து ஊறும். இதுகள் அதை நக்கி, ஒண்டுக்கொண்டு குடுத்துக்கொண்டு திரியும். அது கிடைக்குமட்டும் இதுகளின்ரை வயிறு அடங்கிக் கிடக்கும். உங்கடை ராணி வெள்ளத்தில போயிட்டுது. புதுசா ஒண்டை வளர்க்கிறதுக்கு உயிருள்ள புழுவும் மிஞ்சேல்லை. இதுகள் ஆணோடை சேராததுகள். இடுறதெல்லாம் ஆணாத்தான் பொரிக்கும். ஆண் பூச்சி தேன் தேடாது, அண்ணை."

தில்லைநாதனுக்குப் பெட்டியைத் தலையில் ஏற்றும்போது ஒருபக்கம் சரித்ததும், அதன் வாசலால் தண்ணீர் கொட்டியதும் நினைவில் வந்தன. அதோடு ராணியும் விழுந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்துச் செல்வநாயகம் ஒரு நெருப்புக்குச்சிப் பெட்டிக்குள் வேறொரு ராணியைக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் அது அடிப்பலகையில் கிடந்தது. இருபது முப்பது தேனீக்கள் பந்தாய்த் திரண்டு அதை அமுக்கிக் கொன்றிருந்தன.

"தாங்களே இடப் பழகினதுகள் இன்னொண்டை ஏற்காதுகள். நான் யோசிச்சிருக்க வேணும்," என்றார் அவர்.

பங்குனியில் பெட்டி முழுக்கப் பருத்த ஆண் தேனீக்கள். ஊட்டுவதற்கு ஒரு கைப்பிடி வேலைக்காரத் தேனீக்கள்தான் மிச்சம். சிறகு தேய்ந்து அவையும் ஒவ்வொன்றாய் விழுந்தன. அயலவர்கள் சிறுபோகத்துக்கு உழுதுகொண்டிருந்த காலையில், தில்லைநாதன் சீனியைக் கரைத்துச் சிரட்டையில் பெட்டிக்குள் வைத்தான். வீட்டிலிருந்த கடைசிச் சீனி.

அடுப்பை விட்டெழுந்து குசினி வாசலில் நின்று சிவனேஸ்வரி பார்த்தாள்.

"பிழைக்காது எண்டு தெரியுந்தானே?"

"தெரியும்."

அவள் அன்றே ஆட்டைப் பக்கத்து வீட்டில் கட்டிவிட்டு, மிருசுவிலில் இருந்த அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

சித்திரையில் பெட்டிக்குள் ஒன்றுமில்லை. தில்லைநாதன் காணியை எழுதிக் கொடுத்துவிட்டுச் செட்டிகுளத்தில் ஒருவருடைய வயலுக்குக் காவற்காரனாய்ப் போனான். அவளைக் கூப்பிட ஒருமுறை மட்டும் மிருசுவிலுக்குப் போனான். தேத்தண்ணி கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்தில் வைத்தாள். முகம் மெலிந்திருந்தது.

"திரும்பிப் போக எத்தனை மணிக்கு பஸ்?" என்று கேட்டாள்.

"நாலு மணிக்கு."

அப்போது பதினொன்றுதான் ஆகியிருந்தது. அவன் எழுந்து வெயிலில் பஸ் நிற்கும் சந்திக்கு நடந்தான்.