மூன்றாவது கிளாஸில் வீட்டுக்காரர்

அந்தப் பெரிய ஹோட்டலின் காலைச் சாப்பாட்டு அறையில் போய் "காப்பியம்மா எங்கே?" என்று கேட்டால் யாரும் கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். இரண்டு கையிலும் இரண்டு கெண்டி, ஒன்றில் பால் கலந்தது, ஒன்றில் கலக்காதது. மேஜை மேஜையாகப் போய் ஊற்றிக்கொண்டே இருப்பாள். அவளுடைய நிஜப் பெயர் சம்பளம் போடுகிற ஆளுக்கு மட்டும்தான் ஞாபகம். பேசிக்கொண்டே, பின்னால் தட்டோடு வருகிறவனுக்கு வழிவிட்டுக்கொண்டே, ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவாள். ஆனால் விடிவதற்கு முன்னால் எழுந்து ஓடி ஓடி அவளுக்கு அலுத்துப்போய்விட்டது. சாயங்காலம் திறக்கும் மேல்மாடி உணவகத்தில் வைன் பரிமாற ஆள் தேவை என்று தெரிந்ததும், "எதை ஊத்தினா என்ன, கை அதே கைதானே?" என்று பேர் கொடுத்துவிட்டாள்.

கை அதே கைதான். நாக்குதான் மக்கர் செய்தது. வைன் பரிமாறுவதற்கென்று ஒரு பரீட்சை இருக்கிறது. பிரான்ஸ் தேசத்தில் அல்சாஸ் என்று ஒரு பகுதி. அங்கே விளையும் திராட்சை ரகங்கள், அதிலிருந்து இறக்கும் வைன் வகைகள், எந்த பாட்டிலில் எந்தப் பெயரை ஒட்டலாம், எதை ஒட்டினால் குற்றம், இதெல்லாம்தான் பாடம். போதாதென்று, பெயர் மறைத்து வைத்த கிளாஸை முகர்ந்து, சுவைத்து, துப்பிவிட்டு, உள்ளே இருப்பது யார் என்று சொல்ல வேண்டும். முதல் தடவை எழுதியபோது ரீஸ்லிங் என்ற ரகம் இருக்க வேண்டிய இடத்தில் கெவுர்ஸ்ட்ராமினரைப் போட்டு, இரண்டையும் குழப்பி, கோட்டை விட்டாள். வாயில் நுழையாத பெயர் மண்டையில் எப்படி நுழையும்? இன்னொரு முறைதான் ஹோட்டல் அனுப்பும். அதிலும் தோற்றால் அந்த இடம் பார் கவுண்டர்காரனுக்கு. அவள் ஓய்வு பெறும்வரை கெண்டி தூக்க வேண்டியதுதான். பார் கவுண்டர்காரன் இப்போதே மேல்மாடி சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டான் என்று கேள்வி. அதைக் கேட்டதிலிருந்து அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

துப்புவது கூட ஒரு வித்தை. மேலே தெறிக்காமல், நூல் பிடித்தாற்போல் ஒரே கோடாகப் போய் விழ வேண்டும். அதற்காக அவள் சமையலறைத் தொட்டியில் வெறும் தண்ணீரை வைத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் கொப்பளித்துத் துப்பிப் பழகினாள். மாமியார் இரண்டு நாள் பார்த்தார், மூன்றாம் நாள் மகளுக்குப் போன் போட்டார். அன்று மாலையே நாத்தனார் வாசனைத் திரவியம் கமகமக்க வந்து இறங்கி, "அண்ணி, என்ன, விசேஷமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வயசுல விசேஷமா? பரீட்சைக்குப் படிக்கிறேன்மா."

"துப்புறதுக்கா பரீட்சை?" என்று நாத்தனார் திகைத்தாள். மாமியாரோ, "அதுக்கு ஒரு தடவை பெயில் வேற," என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

காப்பியம்மாவுக்கு மூளையில் பொறி தட்டியது அன்று ராத்திரிதான். நாத்தனார் போய் வெகுநேரம் ஆகியும் அந்த வாசனை படிக்கட்டை விட்டுப் போகவில்லை. ரோஜாப்பூ, அதற்கு மேல் இஞ்சி, அதற்கும் மேல் ஏதோ ஒரு பழம். புத்தகத்தைப் புரட்டினாள். கெவுர்ஸ்ட்ராமினர் என்ற தலைப்பில் அட்சரம் பிசகாமல் அதேதான் போட்டிருந்தது. அடி சக்கை என்று தொடையில் தட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. குடும்பத்தில் ஒருவர் விடாமல் பிடித்து பாட்டிலில் அடைத்துவிட்டாள்.

இதெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் பிரிவில் இருப்பவர். எந்த மனு வந்தாலும் பொடி எழுத்தில் இருக்கும் ஷரத்தைத் தேடிப் பிடித்து, கிடைக்கும் கிடைக்காது என்று சொல்வதே அவர் பிழைப்பு. ஆபீஸில் அவருக்குப் பெயரே ஷரத்து சார். வீட்டில் அதிகம் வாய் திறக்க மாட்டார். ராத்திரிச் சாப்பாடு முடிந்து அவள் பாத்திரம் துலக்கும்போது, பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தை வைத்துக் கேள்வி கேட்பது மட்டும் அவருடைய பொறுப்பு.

"ரீஸ்லிங்?"

"புளிப்பு தூக்கல். ஆனா சுத்தம். வயசாக ஆகத்தான் மதிப்பு. வேற யாரோடயும் சேராது." சொல்லும்போது அவள் கண் அவளை அறியாமல் மாமியார் அறைப்பக்கம் போய் வந்தது.

"கெவுர்ஸ்ட்ராமினர்?"

"படி ஏறும்போதே வாசனை வந்துடும். நல்ல உடம்பு. கொஞ்சம் அலட்டல்."

அவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார். "இரு, இரு. இது என் தங்கச்சி இல்ல?"

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. இன்னும் பலமாகத் தேய்த்தாள். கிளெய்ம் பிரிவு ஆளிடம் இது செல்லுபடியாகுமா?

"அப்ப அந்த ரீஸ்லிங் எங்கம்மாவா?"

"மெதுவாப் பேசுங்க, காதுல விழுந்துடப்போகுது!"

அவர் துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒவ்வொன்றாகக் கேட்டார். புகை வாசனையும் கனமுமான பினோ கிரி அவருடைய சுருட்டுக்கார அண்ணன். உள்ளே என்னவோ அதுவே வெளியிலும் மணக்கும் மஸ்கட், எதையும் பட்டென்று போட்டு உடைக்கும் அண்ணன் மனைவி. யார் என்ன சொன்னாலும் ஒத்துப்போகும் பினோ பிளாங்க் அவருடைய மாமா. திறந்ததும் பொங்கி ஐந்து நிமிஷத்தில் அடங்கிவிடும் கிரெமாண்ட், மாடி வீட்டுக்காரர். எல்லா ரகத்தையும் ஒன்றாகக் கொட்டிக் கலக்கும் எடெல்ஸ்விக்கரை, "அது நம்ம குடும்ப குரூப் போட்டோ," என்றாள்.

"பினோ நுவார்?"

"இருக்கிறதுலயே சிவப்பு அது ஒண்ணுதான். அது நான்."

"சரிதான். நான் யாரு?"

அவள் சட்டென்று குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். "நீங்க இன்னும் வரல. பாடம் பாக்கி இருக்கு."

"பாடத்துல பாக்கி ஒரே ஒரு ரகம்தான் இருக்கு." ஷரத்து சார் பக்கத்தைத் திருப்பி, ஆபீஸ் குரலில் உரக்கப் படித்தார். "சில்வானெர். வெளிறிய நிறம். அடங்கிய மணம். அன்றாட உபயோகத்துக்கு ஏற்றது. நெடுநாள் வைத்திருப்பதால் பெரிய பயன் இல்லை. கிராண்ட் க்ரூ தகுதி பெற்ற நான்கு உயர் ரகங்களில் இது சேராது."

கிராண்ட் க்ரூ என்பது அந்தப் பகுதியில் பொறுக்கி எடுத்த நிலங்களுக்கு மட்டும் சட்டம் கொடுக்கும் பட்டம். அங்கே விளைந்த உயர் ரகம் அந்தப் பட்டத்தை பாட்டிலில் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். அம்மாவுக்கு உண்டு, தங்கைக்கு உண்டு, சுருட்டு ஊதும் அண்ணனுக்கும் அவர் மனைவிக்கும் கூட உண்டு. ஷரத்து சார் முகத்தில் ஈயாடவில்லை.

"அன்றாட உபயோகத்துக்கு," என்று இன்னொரு முறை படித்தார்.

"நல்ல குணம்னுதானே அர்த்தம்?"

"எந்த வரியில போட்டிருக்கு? காட்டு."

காட்ட வரி இல்லை. அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து வீடு வீடாக இல்லை. இஸ்திரி போட்ட சட்டையை நீட்டினால், "எதுக்கு? அன்றாட உபயோகம்தானே," என்று கசங்கிய சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கூட ஒரு கரண்டி பரிமாறினால், "சில்வானெருக்கு இவ்வளவு போதும்," என்றார். மாமியார் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்து, "யாருடா அது சில்வானெர்? உங்க புது மானேஜரா?" என்று கேட்டார். காப்பியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். ஓடிப்போய்ச் சிரித்தாளே தவிர, உள்ளுக்குள் பாவமாகவும் இருந்தது. அவள் வேண்டுமென்றே மட்டம் தட்டவில்லை. தினமும் எந்த யோசனையும் இல்லாமல் கை நீட்டி எடுப்பது எது என்று பார்த்தபோது அவர்தான் வந்து நின்றார். அதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லப் போனால் இன்னும் மோசமாகத்தான் வரும் என்று பயந்து விட்டுவிட்டாள்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது புத்தகம் காணாமல் போனது. வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினாள். போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று புலம்பித் தீர்த்தாள். சாயங்காலம் வீட்டுக்காரர் ஆபீஸ் பையிலிருந்து அதை எடுத்து மேஜையில் டொப்பென்று வைத்தார். முகத்தில் ஒரு களை. கிளெய்ம் கேட்டு வந்தவனுக்குச் சாதகமாக எதையாவது கண்டுபிடித்த அன்று மட்டும் வருகிற களை.

"அடிக்குறிப்பு படிச்சியா?"

"அதையெல்லாம் யாரு படிப்பா?"

"நான் படிப்பேன்." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "ஜோட்சென்பெர்க்னு ஒரு குன்று. அந்தக் குன்றுல விளைஞ்ச சில்வானெருக்கு கிராண்ட் க்ரூ உண்டு. மத்த எந்த இடத்துலயும் கிடையாது, அங்க மட்டும் உண்டு. கவர்மெண்டே ஒத்துக்கிட்டு விதிவிலக்கு கொடுத்திருக்கு."

"அந்தக் குன்றுல முளைச்சாத்தானே? நீங்க எங்க முளைச்சீங்க?"

"ரீஸ்லிங் மடியில முளைச்சேன். அதுக்கு மேல என்ன மண் வேணும்?"

அவளால் அடக்க முடியவில்லை, விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் கொஞ்சம் சிரித்தார். ஆனால் விஷயத்தை விடவில்லை. அந்த வாரம் முழுக்கத் தொல்லை. பல் தேய்க்கும்போது வந்து நின்று, "குன்று பேரு என்ன?" என்பார். பஸ் ஏறுகிறவளைக் கூப்பிட்டு நிறுத்தி, "கேட்டா சொல்லிடுவியா?" என்பார். "அடிக்குறிப்பிலேர்ந்து எவன் கேப்பான், விடுங்களேன்," என்று அவள் கத்தாத நாளில்லை.

பரீட்சை அறையில் வெள்ளை விரிப்பு போட்ட மேஜை, மூன்று கிளாஸ், எதிரில் கழுத்தில் வில் முடிச்சு போட்ட ஒரு பரீட்சைக்காரர். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். எழுத்துப் பரீட்சை காலையிலேயே முடிந்துவிட்டது, பரவாயில்லாமல் எழுதியிருந்தாள். இந்த மூன்று கிளாஸில்தான் போன தடவை மூக்குடைந்தது.

முதல் கிளாஸைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. அரை அடி தூரத்திலேயே நாத்தனார் வந்துவிட்டாள். இரண்டாவது, நாக்கில் பட்டதும் கண் கூசியது, பல் கூசியது, நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. மாமியார், சந்தேகமே இல்லை. இரண்டையும் நூல் பிடித்தாற்போல் துப்பிவிட்டு, ரகம், குணம், சட்டம் என்று கடகடவென்று ஒப்பித்தாள்.

மூன்றாவதை முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. சுழற்றி மறுபடி முகர்ந்தாள். தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டார்களோ? பினோ பிளாங்க் மாமாவா, சில்வானெரா? ஒன்று தப்பினால் பார் கவுண்டர்காரன் சீருடை மாட்டிக்கொள்வான். மாமாவாக இருந்தால் எடுத்த எடுப்பில் குழைந்து சிரித்திருப்பாரே, இது அப்படிக் குழையவில்லையே என்று பட்டது. அவசரப்படாமல் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். வீட்டில் அவர் பேச வாயெடுத்தால் இப்படித்தான் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து, அப்போதுதான் வெட்டிய புல்லின் வாசனை போல மெலிதாக ஒன்று எழுந்தது.

"சில்வானெர்," என்றாள்.

பரீட்சைக்காரர் தலையை அசைத்து, எதையோ குறித்துக்கொண்டு பேனாவை மூடினார். "முடிஞ்சுது. நீங்க போகலாம்."

காப்பியம்மா எழுந்திருக்கவில்லை. "இதுக்குச் சட்டம் எதுவும் கேக்கலையே சார்?"

"மத்த ரெண்டுக்கும் சரியாச் சொல்லிட்டீங்க. இதுக்குக் கேள்வி இல்ல."

"ஜோட்சென்பெர்க் குன்றுல இதுக்கு கிராண்ட் க்ரூ உண்டு சார். அங்க மட்டும்."

"சரிதான். ஆனா கேக்காததுக்கு மார்க் கிடையாதும்மா."

"மார்க் வேண்டாம் சார். சும்மா குறிச்சு மட்டும் வச்சுக்குங்க."

அந்த மனிதர் மறுபடி பேனாவைத் திறந்து, நிஜமாகவே ஏதோ குறித்தார்.

வீட்டு மணியை அடிக்குமுன் கதவு திறந்தது. வீட்டுக்காரர் அரை நாள் லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றிருந்தார். "நான் வந்தேனா?"

"வந்தீங்க. மூணாவது கிளாஸ்."

"கண்டுபிடிச்சியா?"

"முதல்ல தண்ணின்னு நினைச்சேன்." அவர் முகம் போன போக்கைப் பார்த்து, "அப்புறம் கண்டுபிடிச்சேன், இருங்க," என்றாள்.

"குன்றைக் கேட்டாங்களா?"

"கேக்கல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அடிக்குறிப்பு தானே, யாரு கேப்பா," என்று அவள் சொன்னதையே திருப்பிச் சொல்லி, கதவைச் சாத்தத் திரும்பினார்.

"கேக்கல. நானா சொல்லிட்டு வந்தேன். மார்க் கிடையாதுன்னாரு, பரவாயில்ல எழுதிக்குங்கன்னேன். எழுதினாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். உள்ளேயிருந்து மாமியார் போட்ட சத்தம் மாடி வீடு வரை கேட்டிருக்கும்.

"பாஸா பெயிலா, அதைக் கேளுடா முதல்ல!"

காப்பியம்மா பையிலிருந்து ஒரு சின்ன ஊசிப் பதக்கத்தை எடுத்தாள். முடிவு சொன்ன கையோடு தேர்ச்சி பெற்றவர்களுக்குக் கொடுத்தது, கோட்டில் குத்திக்கொள்வது, தங்க நிறத்தில் ஒரு திராட்சைக் கொத்து. அவர் அதை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன்னுடைய கசங்கிய சட்டைப் பையில் குத்திக்கொண்டு, அம்மாவிடம் காட்டுவதற்கு உள்ளே போனார்.